வாயைத் தோட்டத்தில் விட்டு வந்தவள்

பதினெட்டு வயதை நெருங்கும்வரை என் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிடுவார். அப்பா இல்லாத இடத்தில் அம்மா சொல்லிவிடுவார். இருவருமே இல்லாத இடத்துக்கு நான் போனதில்லை.

அப்பா பெரியாங்கங்காணி. ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முந்நூறு பேருக்குத் தலைவர். விடியும் நேரத்தில் கொம்பு ஊதியதும் ஆட்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரை குதிரையில் வருவார். அவர் கேட்பது கங்காணியிடம். பதில் சொல்வதும் கங்காணிதான். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் கொழுந்துக்குப் போவது, யார் மழைத் தண்ணீருக்குக் கான் வெட்டப் போவது எல்லாம் அப்பாவின் வாயிலிருந்து வரும். வரிசையில் நிற்பவர்களின் வேலை நிற்பது மட்டும். இதில் கொடுமை ஏதும் இருப்பதாக அப்பா நினைக்கவில்லை. தொரையின் கோபத்துக்கு நேராகத் தன் ஆட்களை விடாமல், நடுவில் தான் நிற்பதே கங்காணியின் கடமை என்று நினைத்தார். அதே கடமையை வீட்டிலும் செய்தார். வீட்டில் நிற்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

எனக்குப் பள்ளிக்கூடமும் வீட்டுக்கே வந்தது. பதுளையில் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே படிகள் உயரமாக இருப்பதாகச் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது. வாத்தியார் ஒருவர் வாரத்தில் நான்கு நாள் வீட்டுக்கு வந்தார். நான் பாயில் உட்காருவேன்; எனக்குப் பின்னால் நாற்காலியில் அப்பா. கேள்வி எனக்கு வரும், பதில் எனக்குப் பின்னாலிருந்து வரும். ஒருநாள் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"பெரியாங்கங்காணி, பாடம் ஒங்களுக்கா, புள்ளைக்கா?"

"புள்ளைக்குத்தான். அது தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதில்ல?"

எட்டு வருடம் இப்படி நடந்தது. அப்பா நன்றாகத் தேறினார். பின்னக் கணக்கில் இன்றும் என்னைவிட அவருக்கு வேகம் அதிகம்.

எனக்கென்று ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. எதையும் வரிசைப்படுத்தி எழுதுவேன். பேசாத பிள்ளைக்கு அது ஒரு வழி. ஒரு மழைக்காலத்தில் லயங்களில் காய்ச்சல் பரவியபோது, எந்த லயத்தில், எந்தக் காம்பரா அறையில், யாருக்கு, எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் விட்டது என்று கோடு போட்டு எழுதி வைத்தேன். பதுளை மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா தோட்டத்துக்கு வந்தபோது அந்தத் தாளைப் பார்த்தார். அவர் வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். ஒரு எழுத்து விழாமல் பேசுவார்.

"இதை எழுதியவர் யார்?"

"நம்ம புள்ளதாங்க," என்றார் அப்பா. அன்றைக்கு நான் அது மட்டும்தான்.

டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னது இது. அவருடைய ஆஸ்பத்திரியில் இரண்டு பெண்களை ஆறு மாதம் வைத்து மருந்து கலக்கப் பழக்குவார்கள். முடிவில் கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் வந்து சோதிப்பார். அதில் தேறினால் கொழும்பில் இரண்டு வருடப் படிப்பு. தேறாவிட்டால் வீடு.

அந்த நிமிடத்திலிருந்து எனக்குக் கொழும்புதான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதுவரை எனக்கு என்ன வேண்டும் என்பதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். அப்பாவும் மறுக்கவில்லை. மகள் மருந்து படிப்பது அவருக்குப் பெருமை. பதுளை எட்டே மைல் என்பது அதைவிட ஆறுதல்.

புறப்படுவதற்கு அம்மா கட்டிய சாமான்களை அப்போதே எழுதி வைத்தேன். தாள் இன்னும் இருக்கிறது. பெரிய தலையணை இரண்டு. சின்னத் தலையணை ஒன்று. கம்பளி மூன்று. மழைக்கு ஒரு குடை, வெயிலுக்கு ஒரு குடை. வறுத்த கருவாடு ஒரு போத்தல், ஓமத் தண்ணீர் ஒரு போத்தல். எங்கள் வீட்டு அம்மி ஒன்று; பதுளை அம்மியில் அரைத்தது எனக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதற்காக. கடைசி வரியில், "ஆள் ஒன்று" என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தலை பின்னிவிட ஐந்தாம் லயத்திலிருந்து ஒரு அக்காவையும் வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

டாக்டரம்மாவின் அறையில் அப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, பெரட்டில் நிற்பதுபோல எனக்கு அரை அடி முன்னால் நின்றார்.

"உன் பெயர் என்ன?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

அப்பா சொன்னார்.

"உனக்கு எத்தனை வயது?"

"வர்ற ஆவணிக்குப் பதினெட்டு முடியுதுங்க."

"குருதியைக் கண்டால் மயங்குவாயா?"

"கண்டதே இல்லீங்க. நான் பாக்க விட்டதில்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கங்காணியாரே, ஆறு மாதம் இங்கே தங்கிப் படிக்கப் போவது யார்?"

"புள்ளதாங்க."

"அவள் குரலை நான் இன்னும் கேட்கவில்லையே."

"நல்ல கொரலுங்க," என்றார் அப்பா.

தலை பின்னும் அக்காவை டாக்டரம்மா அம்மியோடு அதே வண்டியில் திருப்பி அனுப்பினார். இனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோர் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். கங்காணிமார் தொரையிடம் ஆட்டுவது போன்ற தலையாட்டல் அது. கேட்டுக்கொண்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம், செய்வேன் என்பதல்ல.

என்னோடு சேர்ந்த மற்றப் பெண் யாழ்ப்பாணத்தவள். அவளுடைய அப்பா பதுளையில் அரசாங்க உத்தியோகம். அறைக்குள் வந்ததும் அவள் கேட்டாள்.

"உம்மட பேர் என்ன?"

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

"ஆரைத் தேடுறீர்? அறைக்குள்ள நாங்கள் ரெண்டு பேர்தான்."

சொன்னேன். எனக்கே அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர்போலக் கேட்டது.

மறுநாள் காலை பெரிய மிஸி வார்டு வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ்மாரை மிஸி என்போம். என் பெயர் வந்தது. நான் நின்றேன். பெயர் கூப்பிட்டால் நேராக நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். பதில் வேறு யாரிடமிருந்தோ வரும். வரவில்லை. மிஸி என்னைப் பார்த்துக்கொண்டே வரவில்லை என்று குறித்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் என் அறைத் தோழி கையைத் தூக்கினாள்.

"மிஸி, ஆள் இஞ்சதான் நிக்கிறா. வாயை மட்டும் தோட்டத்தில விட்டிட்டு வந்திட்டா. வண்டி அனுப்பினால் எடுக்கலாம்."

வார்டில் படுத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான்காம் நாள், "இருக்கிறேன்" என்றேன். "ஆரது, எலியா?" என்றார் மிஸி. ஆனாலும் குறித்துக்கொண்டார்.

அந்த வாரம் எனக்குச் செய்யத் தெரியாதவற்றை எழுதிப் பார்த்தேன். தலை பின்னத் தெரியாது. வகிடு வலது காதை நோக்கிப் போய்விடும். மீனில் முள் எடுக்கத் தெரியாது. ஈரச் சேலையைப் பிழியத் தெரியாது. விளக்குத் திரியைக் கத்தரிக்க, பித்தான் தைக்க, படுக்கையை உதறிப் போட, முகவரி கேட்டு ஒரு தெரு தாண்டிப் போக, இப்படிப் பதினேழு. பதினேழாவது, கேட்டால் பதில் சொல்வது. முதல் பதினாறையும் நான்கு வாரத்தில் அடித்துவிட்டேன். அவை கைவேலை; பத்துத் தடவை செய்தால் கை கற்றுக்கொள்ளும். மருந்தறை வேலையும் அப்படித்தான் எனக்கு எளிதாக வந்தது. தராசில் நிறுப்பது, கல்வத்தில் அரைப்பது, அளவுக் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து ஊற்றுவது, போத்தலில் எழுதியிருப்பதை எடுக்கும்போது ஒருமுறை, ஊற்றும்போது ஒருமுறை, திருப்பி வைக்கும்போது ஒருமுறை படிப்பது. மருந்தறைக்குப் பொறுப்பான வயதான அப்போதிக்கரி என் கையை மெச்சினார். பதினேழாவது அப்படியே கிடந்தது.

அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். மாதத்தில் ஒருமுறை என்னைப் பார்க்க. மற்ற ஞாயிறுகளில் சந்தைக்கு. சந்தைக்குப் போகும் வழி எதுவும் ஆஸ்பத்திரி வேலியோரமாக இல்லை. ஆனாலும் வேலிக்கு வெளியே அந்தத் தலைப்பாகை மெதுவாக நகர்ந்து போகும், பிறகு திரும்பி வரும். ஒரு ஞாயிறு மழை. நான் கிணற்றடியிலிருந்து மருந்தறைக்குச் சேற்றில் தாண்டித் தாண்டிப் போனதை அவர் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து ஆட்கள் மம்பட்டியோடு வந்து நின்றார்கள். யாரையும் கேட்கவில்லை. பாதையோரமாகக் கயிறு பிடித்துக் கான் வெட்டத் தொடங்கினார்கள். தோட்டத்தில் மழை நீர் ஓடக் கான் வெட்டுவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச யாருமில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீர் ஓடியது.

அடுத்த ஞாயிறு டாக்டரம்மா வேலியருகே போய் நின்றார்.

"கங்காணியாரே, இந்தக் கால்வாய் யாருக்காக?"

"ஆஸ்பத்திரிக்குத்தாங்க."

"உங்கள் மகள் நடக்கும் வழியில் மட்டும் வெட்டியிருக்கிறீர்களே."

"மத்தவங்களும் அதுலயே நடக்கட்டுங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். என் தோழி கணக்குப் போட்டாள். "உம்மட அப்பா இன்னும் ரெண்டு மழைக்கு வந்தாரெண்டால், எங்களுக்கு மாடி வீடே கட்டிப் போடுவார்."

நானும் சிரித்தேன். அப்பா செய்தது எதையும் நான் தடுக்கவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. எனக்காக ஒருவர் பேசுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தெரிந்தது ஐந்தாம் மாதத்தில்.

அப்போது என்னை மருந்துச் சன்னலில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவரின் பெயர், ஊர், என்ன நோவு என்று சீட்டில் எழுத வேண்டும். இருமல், வயிற்றுக்கடுப்பு போன்றவற்றுக்கு அப்போதிக்கரியே மருந்து சொல்வார். நான் கலந்து கொடுப்பேன். மற்றச் சீட்டுகள் டாக்டரம்மாவிடம் போகும். ஒருநாள் வேறொரு தோட்டத்துக் கங்காணி ஆறு பேரை அழைத்து வந்து சன்னல் முன் வரிசையாக நிறுத்தினார். எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

"எழுதிக்கங்க தாயி. இவனுக்கு வயித்துக்கடுப்பு. இவனுக்குக் கால்ல ஆணி குத்திருச்சு. இந்தப் பொம்பளைக்கு இருமல்."

மளமளவென்று எழுதினேன். ஆறு சீட்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. வழக்கமாக ஒருவருக்கே அவ்வளவு நேரமாகும். நான் திருப்தியோடு இருமல் மிக்சர் கலந்து, போத்தலைக் குலுக்கி, அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவள் தனியாக நடந்து வந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. மருந்தறைக் கதவோரம் சாய்ந்து நின்று சொன்னாள்.

"இருமல் ஒன்னும் இல்ல தாயி. பால் கட்டி மாரு வீங்கிப்போச்சு. அம்புட்டு ஆம்பளைங்க நடுவுல கங்காணிகிட்ட அத எப்படிச் சொல்றது? இருமல்னு சொல்லி வச்சேன். இங்கன பொம்பளப்புள்ள இருக்கே, கேட்டா சொல்லிக்கலாம்னு வந்தேன். நீ கேக்கவே இல்லியே."

டாக்டரம்மா அன்றே கீறிச் சீழை எடுத்தார். நான்தான் கிண்ணம் பிடித்தேன். மயங்கவில்லை. ஒரு வாரத்தில் அவளும் பிள்ளையும் தேறிப் போனார்கள். போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்தச் சீட்டை டாக்டரம்மா தூக்கிப் போடவில்லை. என் முன்னால் மேசையில் வைத்தார்.

"இது யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது."

"இது யாருடைய சொல்?"

எனக்குப் பதில் தெரிந்தது. சீட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.

"கொழும்பு டாக்டர் வர ஆறு வாரம் இருக்கிறது," என்றார் அவர். "உன் கை மிகவும் நல்ல கை. ஆனால் நோயாளியைக் கேட்காமல் சீட்டு எழுதுகிறவளை நான் அவர் முன் நிறுத்த மாட்டேன். அதற்குள் நீ மாறவில்லையென்றால் உன் தந்தையின் வண்டியை வரச் சொல்வேன்."

அன்று மாலை என் நோட்டை எடுத்து, பதினேழாவது வரியை அடித்தேன். செய்து முடித்ததால் அல்ல, தவறாக எழுதியிருந்ததால். பதில் சொல்வது என்று எழுதியிருந்தேன். கேட்பதும் அதோடு சேர்ந்தது என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தன் வாயால் பேசிப் பழகாதவளுக்கு, எதிரில் நிற்பவளுக்கும் ஒரு வாய் இருப்பது மறந்துபோகிறது.

மறுநாள் விடிந்ததும் நானும் தோழியும் சன்னல் முன்னால் கிடந்த நீள பெஞ்சைத் தூக்கிப் பத்தடி தள்ளி மரத்தடியில் போட்டோம். பெஞ்சு தேக்கு, இரண்டு இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"என்ன யோசினை இது?" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"நோயாளி சன்னலுக்கு. கூட்டிக்கிட்டு வந்தவங்க பெஞ்சுக்கு."

"கங்காணிமார் பெஞ்சில இருக்க மாட்டினம்."

"ஒக்காரச் சொல்லுவேன்."

"நீரோ?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதல் வாரம் ஐந்து கங்காணிகளிடம் சொன்னேன். ஒருவர் கோபித்தார். ஒருவர் நான் சொன்னது காதில் விழவில்லை என்றார், உண்மையாகவே விழுந்திருக்காது. மூவர் போய் உட்கார்ந்தார்கள். சீட்டு எழுத நேரமானது. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வொரு மனிதர் இருந்தார். வயிற்றுக்கடுப்பு என்று பெஞ்சிலிருந்து சொல்லப்பட்டது சன்னலில் வேறொன்றாக இருந்தது.

இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை, சன்னலை மறைத்துக்கொண்டு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தலைப்பாகை வந்து நின்றது. பின்னால் எங்கள் தோட்டத்து ஆட்கள் நால்வர். ஞாயிற்றுக்கிழமைக்குத்தானே தடை, புதன்கிழமை நோயாளிகளோடு வரலாம் என்று அப்பா வழி கண்டுபிடித்திருந்தார்.

"எளச்சுட்டியே தாயி," என்றார் முதலில். பிறகு குரலைப் பெரட்டுக் குரலாக மாற்றிக்கொண்டார். "எழுதிக்க. இந்தப் பெரியவருக்குக் காய்ச்சல். இவனுக்கு..."

பேனா என் கையில் தயாராக இருந்தது. பழக்கத்தில் 'கா' என்று எழுதியும்விட்டேன். உள்ளே டாக்டரம்மா கதவோரம் நிற்பது தெரிந்தது. என் தோழி ஒரு போத்தலைத் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். ஆறு வாரத்தில் நான்கு மீதி இருந்தது.

"அப்பா," என்றேன். "நீங்க அந்தப் பெஞ்சுல போய் ஒக்காருங்க."

"இரு, சொல்லிட்டுப் போறேன்."

"நீங்க சொல்ல வேணாம். அவங்க சொல்லட்டும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "இவங்களுக்குச் சொல்லத் தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சீங்க. போங்கப்பா."

அவர் வாழ்நாளில் அவரைப் போகச் சொன்னவர் தொரை ஒருவர்தான். குடையைக் கக்கத்திலிருந்து எடுத்தார். பிறகு பத்தடி நடந்து, பெஞ்சில், குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்கள் நால்வரும் அவர் உட்கார்ந்ததைப் பார்த்துப் பயந்துபோய் நின்றார்கள்.

பெரியவரைக் கேட்டேன். "ஐயா, ஒங்களுக்கு என்ன செய்யுது?"

அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சன்னலுக்குள் முகத்தை நீட்டி, ரகசியம்போலச் சொன்னார். "காய்ச்சலே இல்ல தாயி. முட்டி வலி. முட்டி வலின்னா தொரை விட மாட்டாருன்னு, வலி வர்றப்பல்லாம் பெரட்டுல எனக்குக் காய்ச்சல்னு ஒங்கப்பா சொல்லிருவாரு. பதினஞ்சு வருசமா எனக்குக் காய்ச்சல்தான். காய்ச்சலுக்குக் குடுக்குற கொயினா மருந்தாக் குடிச்சுக் காது அடைச்சுப்போச்சு."

உள்ளே டாக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரகசியம் என்று நினைத்து அவர் சொன்னது பெஞ்சுவரைக்கும் கேட்டிருந்தது. காது அடைத்தவரின் ரகசியம். அப்பா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் ஏறும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஒன் சன்னல்ல எனக்கு எடமே இல்லையா?"

"ஒங்களுக்கு ஒடம்புக்கு முடியலன்னா வாங்கப்பா. முதல் ஆளா எழுதுறேன்."

"அப்பவும் நாந்தான் சொல்லணுமா? ஒங்கம்மா சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"அவ ஒத்துக்க மாட்டா," என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்திருந்தது.

அடுத்த மாதச் சந்திப்புக்கு அம்மா மட்டும் வந்தார். நானே பின்னியிருந்த தலையைப் பார்த்தார். வகிடு இன்னும் கொஞ்சம் கோணல்தான். அவர் விரல்கள் துடித்தன. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். "ஒங்கப்பா ஊட்டுல பேசுறதே இல்லடி," என்றார். "யாராச்சும் என்னைக் கேட்டா நாக்கக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. மொத ரெண்டு நாள் பல்லுவலின்னு நெனச்சேன்."

கொழும்பு டாக்டர் வரும் நாளில் அப்பாவும் வர வேண்டியிருந்தது. நான் தேறினால் தந்தை கையெழுத்துப் போட வேண்டும். டாக்டரம்மா முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டார்: "நீங்கள் அறைக்குள் நிற்கலாம். ஒரு விடை சொன்னாலும் உங்களோடு சேர்த்து அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

அப்பா தன்னை நம்பவில்லை. வாசலில் நின்று நான்கு வெற்றிலையை ஒன்றாக மடித்து, பாக்கும் புகையிலையும் வைத்து, வாய் முழுக்க அடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கொழும்பு டாக்டர் மூக்குக்கண்ணாடி போட்ட தமிழர். தாளை எடுத்து வைத்து, பேனாவை மையில் தோய்த்து, வழக்கப்படி அறையில் இருந்த பெரிய மனிதரைப் பார்த்தார்.

"பெரியவர், மகளின்ட பேர் என்ன?"

அப்பாவின் கண்கள் அகலமாகின. உதடு அசைந்தது. சாறு வழியாமலிருக்கத் தலையை அண்ணாந்தார். அண்ணாந்தபடியே, குடையைத் தூக்கி, அதன் நுனியால் என்னைக் காட்டினார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் என் பெயரைச் சொன்னேன். வயதையும் ஊரையும் கேட்காமலே சொன்னேன்.

மற்றது ஒரு மணி நேர வேலை. பெயர் ஒட்டாத பன்னிரண்டு போத்தல்களை நிறத்தாலும் மணத்தாலும் சொல்ல வேண்டும். பொடி நிறுக்க வேண்டும், களிம்பு பிசைய வேண்டும். கடைசியாக அவர் ஒரு சீட்டு எழுதி நீட்டினார். இரண்டு வயதுக் குழந்தைக்கு மருந்து. படித்தேன். இன்னொரு முறை படித்தேன். தராசைத் தொடவில்லை.

"ஏன் நிக்கிறீர்?"

"இது பெரியவங்களுக்கான அளவு. குழந்தைக்கு இதைக் கலக்க மாட்டேன்."

"நான் டாக்டர். நான்தானே எழுதினது."

"ஆமாங்க. எத்தனை வயசுப் பிள்ளைன்னு திரும்பக் கேக்குறேன். ரெண்டுன்னா கலக்க மாட்டேன்."

அவர் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். பிறகு கையெழுத்துத் தாளை அப்பா பக்கம் நகர்த்தினார். எனக்கு அப்புறம் தோழியின் முறை. அவளும் தேறினாள், அவள் வாய் எப்போதும் அவளிடமே இருந்தது.

இப்போது எங்கள் தோட்டத்து மருந்தறையிலேயே நான் வேலை பார்க்கிறேன். படிக்க அனுப்ப வேண்டும் என்று பெண்களை அழைத்துக்கொண்டு தாய் தகப்பன்மார் வருகிறார்கள். பாசம் இல்லாதவர்கள் யாரும் இல்லை. பாசம் இல்லையென்றால் மற்றத் தோட்டங்களிலிருந்து மலை ஏறி நடந்து வரமாட்டார்கள். நான் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். பதில் வேறு வாயிலிருந்து வந்தால், அதையும் கேட்டுக்கொண்டு, திரும்ப அவளையே பார்ப்பேன். சிலருக்கு மூன்று நாள் ஆகும். எனக்கும் அவ்வளவு ஆனது.

அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா ஓட்டமும் நடையுமாக வெளியே போனார். அவரே வெட்டுவித்த கானில் குனிந்து வெற்றிலையைத் துப்பினார். மழை பெய்திருந்ததால் தண்ணீர் வேகமாக ஓடி, சிவப்பை இழுத்துக்கொண்டு போனது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"சத்தம் பத்தல," என்றார்.

"எது?"

"பேரு சொன்னப்ப. பெரட்டா இருந்தா கடசி வரிசைக்குக் கேட்டிருக்காது."

"டாக்டருக்குக் கேட்டுச்சுப்பா. எழுதிக்கிட்டாரு."

"எனக்குக் கேக்கல தாயி. வாயி நெறைய வெத்தல, காதுக்குள்ள அரைக்கிற சத்தம். இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, பெரட்டில் ஆள் சரி என்று கை காட்டுவதுபோல இரண்டு விரலைத் தூக்கினார். பிறகு கொழும்புக்கு எத்தனை தலையணை கட்ட வேண்டும் என்று கேட்டார். ஒன்று என்றேன். தொரையிடம் ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டினார்.